ஐரோப்பாவில் பைலட் ரேட்டிங் புதுப்பிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் எங்கள் பறக்கும் கிளப்பில் ஒவ்வொரு கோடை முடிவிலும் இதே கதைதான். அன்று நாங்கள் செய்த தவறுகளை இன்று புதியவர்கள் வரி மாறாமல் செய்கிறார்கள். காலாவதித் தேதியை மறப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குக் கைப்பேசியில் ஒரு அலாரம் போதும்.

எந்த ஆண்டில் பறந்தீர்கள்?

ரேட்டிங் என்பது எந்த வகை விமானத்தை ஓட்டலாம் என்று லைசன்ஸில் பதியப்படும் அனுமதி. ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கான ரேட்டிங் 2 ஆண்டு செல்லும். தேர்வு இல்லாமல் நீட்டிக்க வேண்டுமானால் காலாவதிக்கு முந்தைய 12 மாதத்துக்குள் 12 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 6 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு உங்களிடம் இருந்திருக்க வேண்டும். 12 முறை ஏறி 12 முறை இறங்கியிருக்க வேண்டும், பயிற்றுநரோடு 1 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் எவ்வளவு பறந்திருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

கையெழுத்து போடும் அதிகாரம் யாருக்கு?

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. விமானிகளுக்கான விதி ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒன்றுதான், 2011-ஆம் ஆண்டின் 1178-ஆம் ஒழுங்குமுறை. அதனால் எந்தப் பயிற்றுநர் கையெழுத்திட்டாலும் செல்லும் என்று நம்பிவிடுகிறார்கள். செல்லாது. பயிற்றுநர் உங்களோடு பறக்கலாம், பறப்புப் பதிவேடான லாக்புக்கில் எழுதலாம். ஆனால் லைசன்ஸில் புதிய தேதியைப் பதிய, அந்த லைசன்ஸுக்குப் பொறுப்பான நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் அவருக்குத் தனியாக அதிகாரம் தந்திருக்க வேண்டும்.

எங்கள் கிளப்பில் ஓர் இளைஞர். லைசன்ஸ் வேறோர் உறுப்பு நாட்டுடையது. ரேட்டிங் முடியும் கடைசி ஞாயிறன்று பயிற்றுநரோடு பறந்தார். பயிற்றுநரும் நல்ல மனதோடு ரேட்டிங் கட்டத்தில் புதிய தேதியை எழுதி, தன் சான்றிதழ் எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார். சில வாரம் கழித்து அந்தப் பதிவு செல்லாது என்று கடிதம் வந்தது. இதற்கிடையே அந்த இளைஞர் நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறந்திருந்தார், செல்லாத ரேட்டிங்கோடு. ஒரு விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

காலாவதியான பிறகு வழி வேறு. உங்களுக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பதை ஒரு பயிற்சிப் பள்ளியோ, காலாவதியாகி 3 ஆண்டு தாண்டவில்லை என்றால் ஒரு பயிற்றுநரோ முடிவு செய்வார்கள். அப்புறம் தேர்வாளரோடு தேர்வு. அவர் வேறு நாட்டுக்காரர் என்றால் உங்கள் ஆணையத்தின் நடைமுறைகளைப் படித்துவிட்டுத்தான் தேர்வு நடத்தலாம். ஒரு மணி நேரப் பறப்போடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

கடைசி வாரம் வரை காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. அந்த 12 மாதத்துக்குள் எப்போது முடித்தாலும் புதிய 2 ஆண்டு பழைய காலாவதித் தேதியிலிருந்தே தொடங்கும். முதலில் உங்கள் ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள்: இந்தப் பயிற்றுநர் என் லைசன்ஸில் பதியலாமா? பதில் எழுத்தில் வரட்டும். விமானத்தை அப்புறம் முன்பதிவு செய்யுங்கள்.

பிரிட்டன்

2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டன் இந்த ஐரோப்பிய விதி அமைப்பில் இல்லை. பிரிட்டிஷ் பயிற்றுநர் சான்றிதழ் மட்டும் உள்ளவரின் கையெழுத்து இங்கே செல்லாது.

லைசன்ஸை வேறு நாட்டுக்கு மாற்றும்போது

லைசன்ஸும் மருத்துவக் கோப்பும் ஒரே ஆணையத்திடம் இருக்க வேண்டும். இரண்டும் இடம் மாற மாதக்கணக்கில் ஆகலாம். ரேட்டிங் முடியச் சில வாரமே இருக்கும்போது விண்ணப்பிக்காதீர்கள்.

மொழிச் சான்று

வானொலியில் பேசும் மொழித்திறனுக்கான சான்று இது. நிலை 4 என்றால் 4 ஆண்டு செல்லும், 5 என்றால் 6 ஆண்டு. இதன் தேதி வேறு, ரேட்டிங் தேதி வேறு.

ஜெர்மன் லைசன்ஸ்

பாதுகாப்புப் பின்னணிச் சோதனை, 5 ஆண்டுக்கு ஒருமுறை.