சேலத்துல பழைய தொட்டிக்கட்டு வீட்டை புதுப்பிக்க போறீங்களா? இந்த தவறுகள பண்ணிடாதீங்க

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம் நடுவுல திறந்த முற்றம் வச்சு கட்டுன தாத்தா காலத்து தொட்டிக்கட்டு வீடு வச்சிருக்கறவங்க நிறைய பேரு இப்ப அதை இடிக்காம, குழந்தை குட்டியோட வசதியா இருக்கற மாதிரி மாத்தணும்னு நினைக்கறாங்க, கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா நல்லா இருந்த வீடு புதுப்பிக்கறேன்னு கைய வச்ச பிறகு கெட்டுப்போறதையும் பாக்கறோம். காரணம் பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான், சுண்ணாம்பு, செங்கல், மரம்னு கட்டுன வீட்டை சிமெண்ட் வீடா நினைச்சு வேலை பாக்கறது.

இதுல பெரிய தவறு சிமெண்ட் பூச்சு. பழைய சுவர்ல செங்கல்லுக்கு நடுவுல சுண்ணாம்பு, மேலயும் சுண்ணாம்பு காரைதான் இருக்கும். தரையில இருந்து ஈரம் மெதுவா சுவர்ல ஏறும், காரை அதை வெளிய விட்டுடும், காத்துல காஞ்சிடும், அவ்ளோதான். காரை உதிருதேன்னு அதை கொத்திட்டு சிமெண்ட் பூசுனா மொத வருஷம் பாக்க பளிச்சுனு இருக்கும், ஆனா உள்ள இருக்கற ஈரத்துக்கு வெளிய வர வழி இல்லாம இன்னும் மேல ஏறும், உப்பு பூக்கும், பெயிண்ட் கொப்பளிக்கும், பூச்சை விரலால தட்டிப்பாத்தா டொப்பு டொப்புனு சத்தம் வரும், பேத்துப்பாத்தா பின்னாடி செங்கல் மாவு மாவா கொட்டும். பழைய சுவர் மேல புட்டி வச்சு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கறதும் இதே கதைதான். உதிர்ந்த எடத்துல மறுபடி சுண்ணாம்பு காரையே பூசுங்க, மேல சுண்ணாம்பு வெள்ளை அடிங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய சேத்து கலவை போடத் தெரிஞ்ச ஆளுங்க இன்னும் இருக்காங்க, கோயில் திருப்பணி செய்யறவங்க கிட்ட விசாரிச்சா கிடைப்பாங்க. கூலி கூட ஆகும், காயறதுக்கு நாளும் ஆகும், ஆனா அந்த சுவருக்கு அதுதான் சேரும்.

அடுத்தது மொட்டை மாடி. இந்த வீடுங்கள்ல இருக்கற மெட்ராஸ் டெரஸ்னா தேக்கு உத்திரம், அது மேல சின்ன செங்கல்ல குத்துக்கல்லா நிக்க வச்சு சுண்ணாம்புல ஒட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு, கடைசியா தட்டோடு பதிச்சிருப்பாங்க. ஒழுகுதுன்னா நம்மாளுங்க உடனே அது மேலயே இன்னொரு கான்கிரீட் போட்டுடறாங்க. 10க்கு 10 ரூம் மேல ஒரே ஒரு இன்ச் கான்கிரீட் போட்டாலே அரை டன்னுக்கு மேல எடை ஏறுது, அதோட 1000 லிட்டர் டேங்க் வச்சா தண்ணி மட்டும் ஒரு டன், எல்லாம் அந்த மரத்து தலையிலதான். மேல ஏத்தறதுக்கு முன்னாடி உத்திரத்தோட முனைய பாருங்க, சுவருக்குள்ள போற எடம் இருக்கு பாருங்க, அங்கதான் ஈரம் தங்கும், கரையானும் அங்கதான் வரும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால அழுத்திப்பாருங்க, நல்ல தேக்குன்னா முனை இறங்காது, உளுத்திருந்தா பொசுக்குனு உள்ள போகும். ஒரு உத்திரம் போச்சுன்னா அதை மட்டும் மாத்தலாம், மொத்த மாடியையும் இடிக்கணும்னு யாராச்சும் சொன்னா இன்னொரு இன்ஜினியர் கிட்டயும் காட்டிட்டு முடிவு பண்ணுங்க. டேங்க்கை தனியா தூண் போட்டு அது மேல வைங்க. மாடியில பாத்ரூம் வேணும்னாலும் அப்படித்தான், உத்திரத்து மேல கட்டவே கட்டாதீங்க.

நடுவுல இருக்கற தொட்டி, அதாவது வானம் தெரியற முற்றம், அதை ஸ்லாப் போட்டு மூடி ஒரு ஹால் கிடைச்சுதுன்னு சந்தோஷப்படறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். ரெண்டு பக்கமும் அடுத்த வீடு ஒட்டிக்கிட்டு இருக்கற தெருவுல ஜன்னல் வைக்க வழியே இல்ல, வீட்டுக்குள்ள வர்ற வெளிச்சமும் காத்தும் அந்த தொட்டி வழியாத்தான், சூடு மேல ஏறி போறதும் அந்த வழியாத்தான். அதை மூடிட்டு சேலத்து சித்திரை வெயிலுக்கு ரூமுக்கு ஒரு ஏசி போடறாங்க. குரங்கு வருது, திருட்டு பயம்னா கம்பி கிரில் போடுங்க, மழை சாரல் தொந்தரவுன்னா கூரைக்கு ஒரு அடி மேல தூக்கி, சுத்தி காத்து போற மாதிரி கண்ணாடி கூரை போடுங்க. தொட்டி ஓரத்துல கிணறு இருந்தா அதையும் மூடாதீங்க, 2003லயே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிடுச்சு, அந்த கிணத்துலயே மாடி தண்ணிய வடிகட்டி விட்டா வேலை முடிஞ்சுது.

அம்மாபேட்டை, குகை பக்கம் நெசவு வீடு வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. குழித்தறி, அதாவது தரையில குழி வெட்டி அதுக்குள்ள காலை விட்டு நெய்யற தறி, இருந்த குழிய இடிச்ச குப்பைய போட்டு ரொப்பிட்டு மேல டைல்ஸ் ஒட்டிடுவாங்க, கொஞ்ச நாள்ல அந்த எடம் மட்டும் இறங்கி டைல்ஸ் விரிசல் விடும். கிராவல் மண்ண அரை அடி அரை அடியா போட்டு தண்ணி விட்டு திமிசு போட்டு இடிச்சு இறுக்கணும்.

ரோடு மேல மேல ஏறி வீடு பள்ளத்துக்கு போயிடுச்சுங்கறது நம்ம ஊர்ல எல்லா தெருவுலயும் இருக்கற பிரச்சனை. அதுக்காக தரைய ரெண்டு அடி ரொப்புனா கதவு நிலையில தலை இடிக்கும், காத்தோட்டமா இருந்த சுவர் அடிப்பாகம் மண்ணுக்குள்ள போய் ஈரம் இன்னும் மேல ஏறும். ஜாக்கி வச்சு தூக்கறேன்னு வர்றவங்களும் இருக்காங்க, பொதுச்சுவர் இருக்கற வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. வாசல்ல உயரமா ஒரு தடுப்பு, அது முன்னாடி கிரேட்டிங் போட்ட வாய்க்கால், கழிவுநீர் திரும்பி வராம இருக்க வால்வு, இது போதும் பாதி வீடுகளுக்கு.

சுவர இடிச்சு ஓப்பன் கிச்சன் பண்ணனும்னா, உத்திரம் எந்த சுவர் மேல உக்காந்திருக்குன்னு முதல்ல பாருங்க. அந்த சுவருன்னா முட்டு குடுத்து, இரும்பு பீம் ஏத்துன பிறகுதான் ஒரு செங்கல்லாவது எடுக்கணும். வயரிங் பைப்புக்கு சுவத்துல படுக்கை வாட்டமா நீளமா வெட்டாதீங்க, மேல இருந்து கீழ நேரா இறக்குங்க. பழைய கட்டை வயரிங்க முழுசா கழட்டிட்டு எர்த்தும் கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கண்டிப்பா போடுங்க. பொதுச்சுவர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி எழுத்துலயும் வாங்கிடுங்க.

வெடிப்பு தெரிஞ்சா உடனே பூசி மறைக்காதீங்க. ஒரு மெல்லிசு கண்ணாடி துண்ட வெடிப்புக்கு குறுக்க ரெண்டு பக்கமும் ஒட்டி தேதி எழுதி வைங்க, ஒரு மழைக்காலம் போகட்டும், கண்ணாடி உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம், அப்ப அஸ்திவாரத்த பாக்கணும். உடையலைன்னா பழைய வெடிப்பு, அடைச்சா போதும்.

காண்ட்ராக்ட் பேசும்போது, "இடிப்பு கூலி வேணாம் சார், பழைய மரத்த நானே எடுத்துக்கறேன்"னு சொன்னா சரின்னு சொல்லிடாதீங்க, அந்த தேக்கு நிலை, கதவு, தூணுக்கு முன்னாடி இடிப்பு கூலி எல்லாம் ஒண்ணுமே இல்ல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கதவையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டு, இது எல்லாம் வீட்டுக்காரருக்குன்னு அக்ரிமெண்ட்ல எழுதுங்க. சிவப்பு ஆக்சைடு தரையும் அப்படித்தான், விரிசல் விட்ட எடத்த மட்டும் சரி பண்ணி பாலிஷ் போட்டா எந்த டைல்ஸும் பக்கத்துல நிக்காது. கூட்டுப்பட்டாவா இருந்தா பங்காளிங்க கையெழுத்து, மேல மாடி எடுக்கறதா இருந்தா மாநகராட்சி பிளான் அப்ரூவல், ரெண்டையும் முடிச்சிட்டு ஆள இறக்குங்க.

மாடி வேலைய தை, மாசியில எடுத்துடுங்க, காரை நிதானமா காயும். ஆடி வரைக்கும் இழுத்துட்டா கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில வண்டி வேடிக்கைன்னு தெருவுக்குள்ள மணல் லாரி நுழையவே முடியாது, அது முடிஞ்சதும் மழை பிடிச்சுக்கும்.