பழைய ஹெட்டோடு ரோலர் கேம் போடுமுன் இதை அளந்து பாருங்கள்

ஷெவி 350 வி8 எஞ்சினுக்கு ரோலர் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) வாங்குகிறவர்கள் கேமைத்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட் மட்டும் கம்பெனியில் வந்தபடியே இருப்பதை யோசிப்பதில்லை. 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டில் வால்வ் லிஃப்ட், அதாவது கேம் வால்வைத் திறக்கும் தூரம், சுமார் 0.460 அங்குலத்தைத் தாண்டினாலே ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்திருக்கும் மூடி) இறங்கிவந்து கைடு சீலில் (வால்வ் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல்) இடிக்கும் நிலைமை வந்துவிடும்.

ஹெட் மேசையில் இருக்கும்போதே ஒரு வால்வின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சீல் அப்படியே இருக்க, ரிட்டெய்னரையும் அதை வால்வில் பூட்டும் லாக்கையும் மட்டும் மாட்டி, வால்வை சீட்டில் மூடிய நிலையிலிருந்து ரிட்டெய்னர் சீலைத் தொடும்வரை மெதுவாக இறக்கி, எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். அதில் 0.050 கழித்தால் வருவதுதான் சீலைப் பொறுத்தவரை உங்கள் உச்ச லிஃப்ட். பத்து நிமிட வேலைதான், தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அப்புறம் ஸ்பிரிங். கேமின் மேல் உருளும் ரோலர் லிஃப்டர் கனமானது, பழைய ஸ்பிரிங் அதிக ஆர்பிஎம்மில் அதைக் கேமோடு ஒட்டி வைத்திருக்காது, அதனால் கேம் தயாரிப்பாளர் சொல்லும் ஸ்பிரிங்கையே போடுங்கள். லிஃப்டர் உயரம் கூடுவதால், அதற்கு மேலே நிற்கும் புஷ்ராட் என்ற கம்பியும் சின்னதாக வேண்டும்: கம்பெனி பிளாட் டேப்பெட்டுக்கு (உருளை இல்லாத தட்டை லிஃப்டர்) ஏறக்குறைய 7.8 அங்குலம், கம்பெனி ரோலருக்கு 7.2. மற்ற லிஃப்டர் என்றால் அளந்துதான் வாங்க வேண்டும். ரோலர் வசதி இல்லாத பழைய பிளாக் என்றால் கேம் முன்னே நகராமல் இருக்க, அதன் முன்முனையில் வைக்கும் கேம் பட்டன் என்ற தடுப்பும் வேண்டும்.