ஃபீனிக்ஸ் கொல்லைப்புறம்: முதலில் மேற்கை மறையுங்கள்

ஃபீனிக்ஸில் புதிதாக வீடு வாங்குகிறவர்கள் முதல் வாரமே நர்சரிக்குப் போய்ச் செடிகளை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஜூன் வந்ததும் பாதி கருகிவிடும். மிச்சப் பாதியைப் பார்க்கக்கூட வெளியே உட்கார முடியாது. அரிசோனாவின் இந்தப் பாலைவன நகரத்தில் கொல்லைக்கு முதல் தேவை நிழல்தான். அந்த நிழலும் மேற்குப் பக்கம் வேண்டும்.

ஜூலை மாதத்தின் சராசரிப் பகல் உச்சமே 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் பகல் உச்சம் 43 டிகிரிக்குக் குறையவில்லை. கோடையில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்பதால், அப்போது எந்தக் கூரையும் நிழல் தரும். சிக்கல் மாலையில்தான். நாலு மணிக்கு வெயில் நேர் மேற்கிலிருந்து சாயும். பிறகு மெல்ல வடமேற்குக்கு நகர்ந்து, ஏழே முக்கால் வரை கூரைக்கு அடியில் புகுந்து அடிக்கும். சிமென்ட் கல் மதில் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திருப்பி விடும்.

நிழல்துணி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஜூன் கடைசியில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் தரையிலிருந்து சுமார் 31 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்படியானால் 9 அடி உயரத்தில் கட்டிய துணியின் நிழல் 15 அடி கிழக்கே போய் விழும். நாற்காலி துணிக்கு அடியில் இருக்கும், நீங்கள் வெயிலில் இருப்பீர்கள். ஆகவே துணியை உட்காரும் இடத்துக்கு மேற்கே தள்ளிக் கட்டுங்கள், அல்லது கூரையின் மேற்கு விளிம்பிலிருந்து தரைவரை 90 சதவீத நிழல்வலை ஒன்றைச் சுருட்டித் திறக்கும்படி தொங்கவிடுங்கள். இரண்டில் தொங்கும் வலைதான் மலிவு, பலனும் அதிகம்.

துணியே கட்டுவதென்றால் 12 அடிச் சதுரம் ஒரு குடும்பத்துக்குப் போதும். பின்னல் பாலிஎத்திலீன் துணி வாங்குங்கள். காற்றை விடாத தார்ப்பாய் வேண்டாம், அது பாய்மரம்போல் தூக்கும். குழி தோண்டுவதற்கு இரண்டு முழு வேலைநாள் முன்பே 811 எண்ணை அழைத்தால், புதைந்திருக்கும் கேஸ், மின்சார வழிகளைக் குறித்துத் தருவார்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். கம்பத்துக்கு 4 அங்குல விட்டமுள்ள கனத்த இரும்புக் குழாய், குழி 3 அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். ஓரிரு அடியிலேயே காலீச்சி என்னும் சுண்ணாம்பு இறுகிய வெள்ளைப் படிவம் தட்டலாம். மண்வெட்டி அதில் ஏறாது, கடப்பாரைதான் வேண்டும். கம்பத்தை வெளிப்பக்கமாக ஐந்து டிகிரி சாய்த்து நிறுத்திக் கான்கிரீட் ஊற்றி, ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். இந்த வெயிலில் மூடாமல் விட்டால் மேல்பகுதி காய்ந்து வெடிக்கும். துணியின் ஒவ்வொரு மூலைக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓர் அடி விட்டு, அங்கே முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் மாட்டுங்கள். எதிரெதிர் மூலைகளில் ஒரு ஜோடி மற்றதைவிட 3 அடி தாழ இருந்தால் மழை வழியும், காற்றில் துணி படபடக்காது. வீட்டுப் பக்கம் மாட்டுவதானால் கொக்கி உத்திரத்தில் ஏற வேண்டும். கூரை விளிம்பை மூடியிருக்கும் மெல்லிய பலகையில் மாட்டினால் முதல் புயலிலேயே பலகையோடு பிய்ந்து வரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் காலம். புழுதிப்புயல் எச்சரிக்கை வந்தால் துணியைக் கழற்றிவிடுங்கள்.

தரைக்குச் செயற்கைப் புல் விரிக்காதீர்கள். வெயிலில் அது வெறுங்காலைச் சுட்டுவிடும், குழந்தைகளுக்குக் கொப்புளமே வரும். பொடித்த கிரானைட் 2 அங்குலம் பரப்பித் தண்ணீர் தெளித்து இடித்தால் தூசி அடங்கும்.

பனிப்புகைபோல் நீரைத் தூவும் குழாய்கள் மே, ஜூன் மாத வறண்ட காற்றில் அருமையாகக் குளிர்விக்கும். மான்சூன் ஈரப்பதம் ஏறியதும் துளி ஆவியாகாமல் உடம்பை நனைக்கும். அப்போது அதை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். இங்கே தண்ணீர் கடினநீர் என்பதால் முனைகளில் சுண்ணம் அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். நாள்பட நின்றுபோன குழாயை ஆள் இல்லாதபோது சில நிமிடம் ஓடவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

இனி மரம். அக்டோபர், நவம்பரில் நட்டால் கோடைக்குள் வேர் பிடிக்கும். உட்காரும் இடத்துக்கு மேற்கே 15 அடி தள்ளி பாலோ வெர்தே என்னும் பச்சைப்பட்டை மரம் அல்லது மெஸ்கீட் ஒன்று வையுங்கள். மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவுதான், ஆனால் இந்த மண்ணுக்கு அது சொந்த மரம், தயங்க வேண்டாம். நடுவதற்கு முன் ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். நாலு மணி நேரத்தில் 4 அங்குலம்கூட இறங்காவிட்டால் அடியில் காலீச்சி இருக்கிறது. உடைத்து வழி விடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

தினம் கொஞ்சம் தண்ணீர் விடுவதுதான் மரத்துக்குப் பெரிய கேடு. வேர் மேலாகவே படரும், மான்சூன் காற்றில் மரம் வேரோடு சாயும். நீரில் உள்ள உப்பும் மேல்மண்ணிலேயே தங்கி இலை நுனியைக் கருக்கும். இடைவெளி விட்டு, ஒரே தடவையில் 2 முதல் 3 அடி ஆழம் நனையும்படி விடுங்கள். நனைந்ததா என்று பார்க்க நீளமான இரும்புக் கம்பியைக் குத்துங்கள். ஈரம் உள்ளவரை சுலபமாக இறங்கும். சொட்டுநீர் முனைகளை அடிமரத்தில் வைக்காமல் கிளை பரவும் விளிம்பில் வைத்து, மரம் விரிய விரிய வெளியே நகர்த்துங்கள்.

காய்கறியில் வெண்டை, கொத்தவரை, காராமணி இந்தச் சூட்டுக்கு ஈடுகொடுக்கும். மார்ச் முதல் விதைக்கலாம். தக்காளி நாற்றைப் பிப்ரவரி நடுவிலேயே நடுங்கள், மே கடைசிக்குப் பிறகு பூ உதிரும், காய் பிடிக்காது. முருங்கை உறைபனியில் கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கறிவேப்பிலையை மட்டும் உறைபனி இரவுகளில் பழைய போர்வையால் மூடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து கறிவேப்பிலை நாற்றைக் கொண்டுவராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

கோடையில் கொல்லையை அனுபவிக்க நல்ல நேரம் காலை ஐந்திலிருந்து ஏழு. ராத்திரி உட்காருவதானால் இருட்டியதும் புற ஊதா டார்ச்சால் மதிலையும் மரப்பட்டையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். தேள்கள் பச்சையாக ஒளிரும். இங்குள்ள மரப்பட்டைத் தேள் செங்குத்துச் சுவரிலும் ஏறும், விஷமும் கடுமை. நீண்ட இடுக்கியால் பிடித்து அப்புறப்படுத்துங்கள், வெளியே கிடந்த செருப்பை உதறிப் போடுங்கள். மான்சூன் மழைக்குப் பின் நஞ்சுள்ள பெரிய சோனோரன் தேரைகள் வெளிவரும். நாய் அதைக் கவ்விவிட்டால் உடனே தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழியும்படி கடைவாயைக் கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.