கோபேயில் கரை இறங்கும் தம்பிகளுக்கு: ஒயினும் பேய்க்கணவாயும்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பல் அணைந்து, கரைக்குப் போக அனுமதியும் கிடைத்தால் பர்கர் கடையிலேயே பொழுதைக் கழிக்காதீர்கள். சன்னோமியா ஸ்டேஷனுக்கு வடக்கே கித்தானோ மேட்டுக்கு நடங்கள். 1868-ல் துறைமுகம் திறந்த பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக் குடியேறிய பகுதி அது. அந்தப் பக்கத்துச் சந்துகளில் பிரெஞ்சு, இத்தாலிச் சாப்பாடு போடும் குட்டிக் கடைகள் இருக்கின்றன.

பத்துப் பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் கடைகள். சமைப்பவரே பரிமாறவும் செய்வார். அதனால் கும்பலாகப் போக வேண்டாம், இரண்டு பேர் போதும். முன்பதிவு செய்தால் சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். கவுண்டரில் இடம் கேளுங்கள். சமையல் கண்ணெதிரே நடக்கும்.

உட்கார்ந்ததும் ஈரத்துண்டு வரும். அது கைக்குத்தான், முகத்தைத் துடைக்காதீர்கள். கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வந்தால் ஓசி என்று நினைக்க வேண்டாம். சில கடைகளில் அது இருக்கைக் கட்டணம், பில்லில் சில நூறு யென் ஏறும்.

மெனு புரியாவிட்டால் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளலாம். நான் முதலில் கேட்பது 'தாக்கோ', அதாவது நம்ம பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). பக்கத்து ஊரான ஆகாஷி அதற்குப் பேர் போனது. நீரோட்டம் கடுமையான கடல் என்பதால் சதை இறுக்கமாக இருக்கும். மெல்லிசாகச் சீவி, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு, மேலே உப்புக்கல் தூவித் தருவார்கள். நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவந்த தோல், கடித்தால் நறுக்கென்று இருக்கும். நாம் வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகிற சரக்கு!

அப்புறம் 'அஹீஜோ'. பூண்டு எண்ணெயில் இறால், கொதிக்கக் கொதிக்கச் சின்ன இரும்புச் சட்டியோடு வரும். இறால் ருசியில் நம்மூரை அடித்துக்கொள்ள முடியாது, ஆனால் அந்த எண்ணெயில் ரொட்டியைத் தொட்டுத் தின்னாமல் எழுந்திருக்காதீர்கள்.

பாட்டில் வேண்டாம், ஒரு கிளாஸோடு நிறுத்துங்கள். 'குராஸு வைன், ஷிரோ' என்றால் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் வரும். யாமனாஷியில் விளையும் கோஷூ திராட்சை ஒயின் இருந்தால் மீனுக்கு அதுதான் சரி. கிறிஸ்மஸுக்கு வீட்டில் போடும் ஒயினின் இனிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 20 வயது நிறையாதவர்களுக்குக் கிடையாது.

கீழக்கரைத் தம்பிகளுக்கு இந்தக் கடைகள் தோதுப்படாது. குழம்பிலேயே ஒயின் இருக்கும், பன்றிக்கறியும் கலந்திருக்கும். 1935-ல் கட்டிய கோபே பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கிறது, அதைச் சுற்றி ஹலால் கடைகளைத் தேடுங்கள்.

கையில் ரொக்கம் வைத்திருங்கள். காசைக் கையில் நீட்டாமல் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் வேண்டாம், மறந்துவிட்டுப் போனதாக நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். கிளம்பும்போது 'கோச்சிசோஸாமா' (சாப்பாட்டுக்கு நன்றி) சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஒரு கிளாஸோடு ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், எஸ்.டி.சி.டபிள்யூ என்ற கப்பல் பணியாளர்களுக்கான சர்வதேச விதிப்படி வேலையில் நிற்கும்போது இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல கம்பெனிகள் அதுவும் கூடாது என்கின்றன. வாடகை சைக்கிளையும் தொடாதீர்கள். 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினாலே சிறை வரை போகும். கப்பல் போர்ட் ஐலண்டில் நின்றால் சன்னோமியாவிலிருந்தே போர்ட் லைனர் ரயில் இருக்கிறது.