கனடாவில் சுயதொழில் செய்யும் பெண்கள் மகப்பேற்றுக் கொடுப்பனவு பெறுவது எப்படி?

கனடாவில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களிடமிருந்து, ஈ.ஐ. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் வேலைக் காப்புறுதிக்கான பணம் ஒவ்வொரு சம்பளத்திலும் தானாகவே கழிக்கப்படுகிறது. கடந்த 52 வாரங்களில் 600 மணித்தியாலங்கள் வேலை செய்த பெண் பிள்ளைப்பேற்றுக்காக வேலையை நிறுத்தும்போது அந்தக் காப்புறுதி கைகொடுக்கிறது. வீட்டில் பிள்ளைகளைப் பராமரிப்பவர், தையல் வேலை செய்பவர், அழகுக்கலை நிலையம் நடத்துபவர், விழாக்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர் போன்றவர்களுக்கு இப்படிக் கழிக்க யாரும் இல்லை. ஆகவே மகப்பேற்றுக் கொடுப்பனவு தங்களுக்குரியதல்ல என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. சுயதொழில் செய்பவர்கள் தாமாக விரும்பி இந்தக் காப்புறுதியில் சேர்ந்து கட்டுப்பணம் செலுத்தும் வசதி 2010 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு நேரத்தோடு சேர்ந்திருக்க வேண்டும்.

பதிவு உறுதிசெய்யப்பட்ட நாளிலிருந்து 12 மாதங்கள் கழிந்த பின்னரே எந்தக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பிக்க முடியும். கர்ப்பகாலமோ சுமார் ஒன்பது மாதங்கள்தான். எனவே கர்ப்பம் உறுதியான பிறகு பதிவு செய்பவருக்கு, குழந்தை பிறக்கும் நாளில் காத்திருப்புக்காலம் முடிந்திருக்காது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் வந்தவுடன், அதாவது கர்ப்பம் தரிப்பதற்கு முன்பாகவே, பதிவு செய்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர்கள் இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. மகப்பேற்றுக் கொடுப்பனவு 15 வாரங்களுக்கு உரியது. அதைப் பிரசவத்துக்குக் குறிக்கப்பட்ட திகதிக்கு 12 வாரங்கள் முன்பிருந்து தொடங்கலாம், பிரசவத்துக்குப் பின் 17 வாரங்களுக்குள் பெற்று முடிக்க வேண்டும். பிறந்த குழந்தையைப் பராமரிப்பதற்கெனத் தனியாக வழங்கப்படும் பெற்றோர் கொடுப்பனவின் வழமையான திட்டத்தில் குழந்தை பிறந்து 52 வாரங்கள் வரை அவகாசம் உண்டு. 2025 மார்ச் 10ஆம் திகதி பதிவு செய்த ஒரு பெண்ணுக்கு ஏப்ரலில் கர்ப்பம் உறுதியாகி, டிசெம்பர் 20ஆம் திகதி குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் 2026 மார்ச் 10 முதல் விண்ணப்பிக்கலாம். மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கான 17 வாரங்கள் ஏப்ரல் நடுப்பகுதியில் முடிவதால், அதில் ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து வாரங்களே அவருக்குக் கிடைக்கும். ஆயினும் பெற்றோர் கொடுப்பனவின் 35 வாரங்களை அவர் அனேகமாக முழுமையாகவே பெற்றுவிட முடியும். இதே பெண் இரண்டு மாதங்கள் தாமதித்து மே மாதத்தில் பதிவு செய்திருந்தால் மகப்பேற்றுப் பகுதி முற்றாகக் கைநழுவியிருக்கும். பெற்றோர் கொடுப்பனவிலும் சில வாரங்கள் குறைந்திருக்கும். ஆகவே தாமதமாகிவிட்டது என்று எண்ணிப் பதிவையே கைவிடாமல், நாட்காட்டியை எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள்.

இந்தத் திட்டத்தில் சேர நீங்கள் கனேடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள் மட்டுமல்ல, தம்முடைய நிறுவனத்தில் வாக்குரிமையுள்ள பங்குகளில் 40 வீதத்துக்கு மேல் வைத்திருப்பதால் சாதாரண ஈ.ஐ.யில் சேர முடியாதவர்களும் இதில் சேரலாம். கியூபெக் மாகாணத்தில் வசிப்பவர்களுக்கு மகப்பேறும் பெற்றோர் கொடுப்பனவும் அந்த மாகாணத்தின் தனித்திட்டத்தினூடாகவே வழங்கப்படுகின்றன; எனவே அவர்கள் அங்கேயே விசாரிக்க வேண்டும். சுயதொழிலோடு பகுதிநேர வேலையும் செய்பவர்கள், அந்த வேலையிலேயே 600 மணித்தியாலங்கள் சேருமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. சேருமாயின் இந்தப் பதிவு இல்லாமலே சாதாரண வழியில் விண்ணப்பிக்கலாம்.

பதிவு செய்யும் முறை எளிது. இந்தக் காப்புறுதியைக் கவனிக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடாவின் இணையக் கணக்கினுள் நுழைந்து, சுயதொழில் செய்பவர்களுக்கான பகுதியில் சமூகக் காப்புறுதி இலக்கம் முதலிய விவரங்களைக் கொடுத்தால் போதும். அன்று பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பதிவு உறுதிசெய்யப்பட்ட திகதி எழுதப்பட்டிருக்கும் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதக் கணக்கு அந்தத் திகதியிலிருந்துதான் தொடங்குகிறது.

கட்டுப்பணம் ஆண்டு இறுதியில் வருமான வரிப் பத்திரத்துடன், ஷெடியூல் 13 என்ற படிவத்தினூடாகக் கணக்கிடப்படுகிறது. 2025ஆம் ஆண்டில் கியூபெக்குக்கு வெளியே வசிப்பவர்களுக்கு ஒவ்வொரு 100 டொலர் வருமானத்துக்கும் 1.64 டொலர் என்ற வீதமும், 65,700 டொலர் என்ற வருமான உச்சவரம்பும் இருந்தன. எவ்வளவு உழைத்தாலும் அந்த ஆண்டுக்கு 1,077.48 டொலருக்கு மேல் கட்ட வேண்டியிருக்கவில்லை. சுயதொழில் செய்பவர் ஊழியரின் பங்கை மட்டுமே கட்டுகிறார், முதலாளியின் பங்கு அவர் தலையில் விழுவதில்லை. ஆண்டின் எந்த மாதத்தில் பதிவு செய்தாலும் அந்த ஆண்டின் முழு வருமானத்துக்கும் கட்டுப்பணம் கணக்கிடப்படும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அதைவிட முக்கியமான ஒரு நிபந்தனை இருக்கிறது. இதைப் பலர் பதிவு செய்த பின்னரே அறிகிறார்கள். பதிவு செய்த 60 நாட்களுக்குள் விலகினால் எந்தக் கடப்பாடும் இல்லை. அதற்குப் பிறகும், ஒரு கொடுப்பனவையும் பெறாதவரை விலகலாம். ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை காப்புறுதி தொடரும், முழு ஆண்டுக்கும் கட்டுப்பணம் செலுத்த வேண்டும். ஒரு முறையேனும் கொடுப்பனவு பெற்றுவிட்டால், நீங்கள் சுயதொழில் வருமானம் ஈட்டும் காலம் முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் கட்டுப்பணம் செலுத்தியே ஆக வேண்டும். இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தொழில் நடத்தப்போகும் ஒருவருக்கு இது சிறிய தொகையன்று. ஆனால் அந்த ஆண்டுகளில் நோய்வாய்ப்பட்டாலோ, கடும் நோயுற்ற குடும்பத்தவரைப் பராமரிக்க நேர்ந்தாலோ இதே காப்புறுதி உதவும் என்பதையும் சேர்த்தே இந்த முடிவை எடுக்க வேண்டும். துணைவரோடு உட்கார்ந்து, வேண்டுமானால் கணக்காளரையும் கேட்டு, பேசி முடிவு செய்யுங்கள்.

கொடுப்பனவு எவ்வளவு கிடைக்கும்? விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய நாட்காட்டி ஆண்டில் நீங்கள் ஈட்டிய தேறிய சுயதொழில் வருமானத்தை 52ஆல் வகுத்து, அதில் 55 வீதத்தை வாரந்தோறும் தருகிறார்கள். வீட்டில் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு பெண்ணின் தேறிய வருமானம் 39,000 டொலர் என்றால், வாரத்துக்கு 750 டொலர் என்று கணக்காகும். அதில் 55 வீதம் 412.50 டொலர். மகப்பேற்றுக்குரிய 15 வாரங்களுக்கு 6,187.50 டொலரும், பெற்றோர் கொடுப்பனவின் 35 வாரங்களுக்கு 14,437.50 டொலரும் வரும். அதே வருமானத்துக்கு 2025இல் அவர் கட்டும் பணம் 639.60 டொலர். அந்த ஆண்டில் வாரத்துக்கான உச்சத் தொகை 695 டொலராக இருந்தது. கையில் வரும் தொகைக்கு வருமான வரி உண்டு. பொதுவாக முதல் ஒரு வாரத்துக்குப் பணம் கிடைப்பதில்லை.

தேறிய வருமானம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வரிப் பத்திரத்தில் செலவுகளைக் கழித்த பின் எஞ்சுவதே கணக்கில் எடுக்கப்படும். வாடகை, மின்சாரம், வாகனம் என்று எல்லாவற்றையும் கழித்து வருமானத்தைச் சுருக்கிக் காட்டினால் வரி குறையும், ஆனால் மகப்பேற்றுப் பணமும் அதே அளவுக்குச் சுருங்கும். காசாகப் பெற்றுக் கணக்கில் காட்டாத பணத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. மேலும், கொடுப்பனவு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் ஒரு குறைந்தபட்ச வருமானம் இருந்திருக்க வேண்டும். அந்தத் தொகை ஆண்டுதோறும் மாற்றப்படுவதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய தொகையை சேர்விஸ் கனடாவின் தளத்தில் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரியில் பிரசவம் எதிர்பார்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் வேலையைக் குறைத்துக்கொண்ட ஆண்டே அவர்களின் கணக்குக்கு அடிப்படையாகிவிடலாம். அவர்கள் டிசெம்பரிலேயே வேலையை நிறுத்தி விண்ணப்பித்தால் அதற்கும் முந்தைய ஆண்டின் வருமானம் எடுக்கப்படும். எந்த ஆண்டு கூடியதோ அதற்கேற்பத் தொடங்கும் நாளைத் தெரிவு செய்துகொள்ளலாம்.

விண்ணப்பிக்கும்போது, தொழிலுக்குச் செலவிடும் நேரத்தை 40 வீதத்துக்கு மேல் குறைத்துவிட்டதாகக் காட்ட வேண்டும். முன்பு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், கேள்வி வரும்போது தடுமாறத் தேவையில்லை. வேலையை நிறுத்தியவுடன் இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். நான்கு வாரங்களுக்கு மேல் தாமதித்தால் அந்த வாரங்களுக்குரிய பணத்தை இழக்க நேரிடும். கொடுப்பனவு பெறும் வாரங்களில் தொழிலால் வருமானம் வந்தால் அதை மறைக்காமல் அறிவிக்க வேண்டும்.

பெற்றோர் கொடுப்பனவில் வழமையான திட்டம், நீடித்த திட்டம் என இரண்டு உண்டு. நீடித்த திட்டத்தில் ஒருவர் 61 வாரங்கள் வரை பெறலாம், ஆனால் வீதம் 33 ஆகக் குறையும். அந்தப் பணம் வரத் தொடங்கிய பின் தெரிவை மாற்ற முடியாது. சுயதொழில் செய்பவர்கள் வாடிக்கையாளர்களை நீண்ட காலம் விட்டிருக்க முடியாது என்பதால், பெரும்பாலானோருக்கு வழமையான திட்டமே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கர்ப்பம் கலைந்துபோகும் துயரம் நேர்ந்தாலும் இந்தக் காப்புறுதி துணை நிற்கிறது. முதல் 19 வாரங்களுக்குள் கர்ப்பம் முடிந்தால் நோய்க்கால கொடுப்பனவுக்கும், 20ஆவது வாரத்திலோ அதற்குப் பின்னரோ என்றால் மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கும், மற்ற நிபந்தனைகள் நிறைவாகியிருந்தால், விண்ணப்பிக்கலாம். மருத்துவரிடமோ மருத்துவிச்சியிடமோ திகதியிட்ட கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிவைப்பதை, அந்த நேரத்தில் உடனிருக்கும் உறவினர் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும்.