இணையவழிப் பாட்டு வகுப்பில் சுருதியும் தாளமும் தப்பாதிருக்க

ஜூமில் கர்நாடக சங்கீதம் சொல்லித் தருவோர் முதலில் மாற்ற வேண்டியது ஒலி அமைப்பை. விடாமல் ஒலிக்கும் தம்புராவைச் செயலி மின்விசிறி இரைச்சலைப்போல அழித்துவிடும். நீண்ட கார்வையும் (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) பாதியில் அறுந்துபோகும். இருபுறமும், ஒலியை வடிகட்டாமல் அனுப்பும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்குங்கள்.

தம்புரா மாணவர் பக்கமே, தனி போனில் ஒலிக்கட்டும். சிறுமிகளுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 5½ கட்டை (சுருதியின் உயர அளவு) பொருந்தும். மேல் ஸட்ஜத்தில் குரல் இறுகினால் அரைக் கட்டை இறக்குங்கள். ஆசிரியரின் கட்டைக்குக் குழந்தையை இழுக்கவே கூடாது.

சேர்ந்து பாட முயலாதீர்கள். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் மூன்றாம் காலத்தில் (ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் பாடும் வேகம்) ஒரு ஸ்வரத்துக்குக் கால் நொடிதான். இணையத் தாமதம் 0.2 நொடி இருந்தாலே கிட்டத்தட்ட ஒரு ஸ்வரம் பிந்தும். தாளம் தப்பியதுபோல் கேட்கும். தவறு குழந்தையுடையதல்ல, அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் பாடி நிறுத்துங்கள். மாணவர் தானே தாளம் போட்டுத் திருப்பிப் பாடட்டும். புளூடூத் தாமதத்தைக் கூட்டும். வயருள்ள ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தால் தன் குரலும் சுருதியும் கேட்கும்.

வீட்டுப் பயிற்சிக்கு, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான முதல் சரளி வரிசையை முதல் காலத்தில் (தட்டுக்கு ஒரு ஸ்வரம்) 2 ஆவர்த்தனம் (ஆதி தாளத்தின் 8 தட்டுச் சுற்று) பாடி, அடுத்த 2 ஆவர்த்தனம் தம்புராவும் தாளமும் மட்டும் ஓடவிட்டுப் பதியுங்கள். அந்த இடைவெளியில் மாணவர் பாடுவார். இரண்டாம் காலத்துக்கு (தட்டுக்கு இரண்டு ஸ்வரம்) 1 ஆவர்த்தனம் போதும். மூன்றாம் காலத்தில் இருமுறை பாடினால் 1 ஆவர்த்தனம் நிறையும். மாணவரின் பதிவைக் குரல்செய்தியாக அல்லாமல் ஒலிக்கோப்பாகவே வாங்குங்கள்; சுருக்கப்பட்ட ஒலியில் கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நுணுக்கம் மங்கிவிடும்.