டிராக்டர் இழுவையை அளக்கும் கருவி: எங்கே சறுக்குகிறோம்?

டிராக்டர் எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று அளக்க, மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று பொருள் போதும். விசையை மின் சிக்னலாக மாற்றும் ஒரு லோட் செல், அதன் சிக்னலைப் பெருக்கி எண்ணாக்கும் சின்ன போர்டு, எண்ணைப் பதிவு செய்யும் மைக்ரோகன்ட்ரோலர். விடுமுறை நாள் ஒன்றில் மேசையிலேயே வேலை செய்துவிடும். வயலுக்குப் போனதும்தான் எண்கள் பேயாட்டம் ஆடும். உடனே புரோகிராமைத் திருத்த உட்காருவோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு புரோகிராமில் இல்லை, கொக்கியிலும் அதை மாட்டும் பின்னிலும் (pin) இருந்தது.

முதல் சறுக்கல், செல்லின் கொள்ளளவு. 2,500 கிலோ எடையுள்ள டிராக்டர் உழுத நிலத்தில் தன் எடையில் பாதிக்கு மேல் தொடர்ந்து இழுப்பது கடினம், அதனால் 1,500 கிலோ செல் போதும் என்று தோன்றும். இந்தக் கணக்கில் வெட்டி இழுப்பது சேரவில்லை. செயின் தொய்ந்து கிடக்கும்போது கிளட்சை சட்டென்று விட்டால், அந்த நொடியில் வரும் விசை சராசரியைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். பொதுவாக லோட் செல்கள் தம் கொள்ளளவில் ஒன்றரை மடங்கு வரைதான் பழுதில்லாமல் தாங்கும். அதைத் தாண்டினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உள்ளே உலோகம் கொஞ்சம் நிரந்தரமாக நீண்டுவிடும். என் முதல் செல் சுமையே இல்லாமல் 140 கிலோ காட்டியது அப்படித்தான்.

சரி, 5 டன் செல் போட்டால் நுட்பம் குறைந்துவிடாதா? குறையாது. ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 10 மில்லிவோல்ட் வரும். கிலோவுக்கு 2 மைக்ரோவோல்ட். சிக்னலைப் பெருக்கும் போர்டில் பலரும் பயன்படுத்தும் எச்எக்ஸ்711 சிப்பின் சொந்த இரைச்சல் இதைவிட மிகக் குறைவு. உழவில் ஒரு கிலோ கூடுவதும் குறைவதும் யாருக்கு வேண்டும்?

அடுத்தது செல்லைப் பொருத்தும் விதம். சாய்ந்து இழுத்தால் அளவு தப்பும் என்று எல்லாரும் கவலைப்படுகிறார்கள். இழுவைக் கோடு 10 டிகிரி சாய்ந்தால், கிடைமட்ட விசையை ஒன்றரை சதவீதம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து, செல்லின் இரு முனையையும் பட்டையில் இறுக்கி வெல்டிங் அடிப்பது. டிராக்டர் திரும்பும்போதும் வரப்பு ஏறும்போதும் செல் வளையும், முறுக்கும். அதையும் அது இழுவை என்றே எண்ணிக்கொள்ளும். இரு முனையிலும் எந்தப் பக்கமும் திரும்பும் ஷேக்கிளோ (குறுக்கே பின் போட்ட U வடிவ வளையம்) உருண்டை மூட்டோ போட்டால், செல்லுக்கு நேர்கோட்டு இழுப்பு மட்டுமே போய்ச் சேரும்.

டிரெய்லர் மாதிரி பின்னால் கட்டி இழுப்பதற்கு இது போதும். த்ரீ பாயிண்ட் லிங்கேஜில், அதாவது மேலே ஒரு கை (டாப் லிங்க்), கீழே இரண்டு கை என்று மூன்று இடத்தில், மாட்டும் கலப்பைக்கு இது செல்லாது. டாப் லிங்கில் மட்டும் ஒரு செல்லைச் செருகிவிட்டு 'கலப்பையின் இழுவை இது' என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கீழ்க்கைகள் இரண்டிலும் இழுப்பு இருக்க, டாப் லிங்க் பெரும்பாலும் அமுக்கத்தில் இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் விடை. அதற்குச் சுலபமான மாற்று, இரண்டு டிராக்டர் முறை. கலப்பை மாட்டிய டிராக்டரை நியூட்ரலில் விட்டு, இன்னொரு டிராக்டரால் செல் வழியாக இழுங்கள். கலப்பை மண்ணில் இறங்கியிருக்கும்போது ஒரு அளவு, தூக்கியிருக்கும்போது ஒரு அளவு. கழித்தால் கலப்பையின் இழுவை. தூக்கி ஓட்டும் அளவை வசதிக்காகச் சாலையில் எடுப்பவர்கள் உண்டு. அது வீண். மண்ணில் சக்கரம் உருள அதிக விசை வேண்டும் என்பதால், அதே வயலில் அதே வேகத்தில் எடுக்க வேண்டும்.

வயரிங்கில் மூன்று விஷயம். மில்லிவோல்ட் சிக்னலை டிரைவர் சீட் வரை வயரில் இழுத்துப் போகாதீர்கள். போர்டையும் மைக்ரோகன்ட்ரோலரையும் செல் பக்கத்திலேயே தூசி புகாத பெட்டியில் வைத்து, எண்ணாக மாறிய பிறகு புளூடூத்தில் அனுப்புங்கள். டிராக்டர் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது சரியும், ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், நடுவில் ஆல்டர்னேட்டர் இரைச்சல் வேறு. ஒரு பவர் பேங்க் இந்தத் தலைவலியையெல்லாம் தீர்த்துவிடும். அப்புறம், செருகு வயர்கள். டிராக்டர் அதிர்வில் பத்து நிமிடம் தாங்காது. சாலிடர் அடியுங்கள்.

எச்எக்ஸ்711 போர்டுகள் பலவும் நொடிக்கு 10 அளவு எடுக்கும் நிலையில்தான் வருகின்றன. சராசரி இழுவைக்கு அது போதும். வெட்டி இழுப்பின் உச்சம் வேண்டுமென்றால், வேகத்தைத் தீர்மானிக்கும் சிப் காலின் (பின்) இணைப்பை மாற்றி 80-க்குக் கொண்டுபோக வேண்டும். திரையில் எண் ஆடாமல் நிற்க வேண்டும் என்று நீண்ட சராசரி போடுவதில் தப்பில்லை, ஆனால் பதிவில் கச்சா எண்ணே இருக்கட்டும். சராசரியிலிருந்து உச்சத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

5 டன் செல்லை 20 கிலோ எடைக்கல்லால் சரிபார்ப்பது இன்னொரு பழக்கம். முழு அளவில் அது வெறும் 0.4 சதவீதம், அங்கே வரும் சின்னப் பிழை மேலே போகப் போகப் பெரிதாகும். அளக்கப்போகும் விசையில் பாதியாவது ஏற்றிப் பாருங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். பூஜ்யத்தை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால், செயின் தொய்ந்த நிலையில் பார்க்க வேண்டும். காலையில் பார்த்த பூஜ்யம் உச்சிவெயிலில் சூடான செல்லுக்குப் பொருந்தாது.

விசையிலிருந்து திறனுக்குப் போகும்போது வேகம் வேண்டும். அதைப் பின்சக்கரச் சுழற்சியிலிருந்து எடுத்தால் தொலைந்தது. சக்கரம் 15 சதவீதம் வழுக்கினால், திறன் இருப்பதைவிட ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஜிபிஎஸ் வேகத்தையோ, அளந்து குச்சி நட்ட தூரத்தையும் ஸ்டாப்வாட்சையுமோ நம்பலாம். 1,000 கிலோ இழுப்பு என்பது 9.81 கிலோநியூட்டன், மணிக்கு 5 கிலோமீட்டரில் அது 13.6 கிலோவாட், அதாவது சுமார் 18 குதிரைத்திறன். எஞ்சின் திறனோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். கியரிலும் டயரிலும் கொஞ்சம் போய்விடும்.

செல்லைச் சேர்த்தால் கொக்கி உயரம் மாறும் என்பது பலருக்கும் உறைப்பதில்லை. இழுவைப் புள்ளி பின் அச்சுக்கு மேலே போனால் முன்சக்கரம் எழும்பி, டிராக்டர் ஓரிரு நொடியில் பின்பக்கம் கவிழ்ந்துவிடும். அதனால் டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையான டிராபாரிலேயே மாட்டுங்கள். செல்லுக்குப் பக்கவாட்டில், அது அறுந்தால் பிடித்துக்கொள்ள, கொஞ்சம் தொய்வோடு ஒரு பாதுகாப்புச் செயின். செயினுக்குப் பதில் நைலான் கயிற்றால் இழுத்தால், அது நீண்டு ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்தால் ஷேக்கிளோடு திரும்பிப் பறந்து வரும். அளவு ஓடும்போது கருவியின் பக்கத்தில் குனிந்து எண் பார்ப்பவரை முதலில் அங்கிருந்து எழுப்புங்கள். அதற்குத்தான் புளூடூத்.